கௌஹர் கேட்ட நல்ல நேரம்

உங்கள் தேநீரில் ஏலக்காய் போட்டிருக்கிறார்கள், ஆனால் பழைய ஏலக்காய். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு மூக்கு சும்மா இருக்காது. கௌஹர் இருந்திருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஹாஜி, இது போன வருஷத்துச் சரக்கு" என்று முகத்தைச் சுளித்திருப்பாள். கௌஹர் என் மனைவி. அவளைப் பற்றிக் கேட்கத்தானே கூப்பிட்டீர்கள்.

என் மகள் நாஹீத் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். தாயைப் பறிகொடுத்த பிள்ளை அப்படித்தான் பேசும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர் என்று தெரிகிறது. இந்த நாயீன் ஊர்க் கடைத்தெருவில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்து வாங்க வருவதில்லை. "ஹாஜி ஃபத்தொல்லா, நிலா எங்க இருக்கு?" என்று கேட்க வருவார்கள். பெண் பார்க்கப் போவது, கல்யாணத் துணி வெட்டுவது, ரத்தம் குத்தி எடுப்பது, யஸ்து நகரத்துக்கு வண்டி கட்டுவது எல்லாவற்றுக்கும் நிலா நல்ல இடத்தில் இருக்க வேண்டும். நாட்காட்டி எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஆனாலும் என் வாயால் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. கிண்டலாக என்னை முனஜ்ஜிம்பாஷி என்பார்கள், அந்தக் காலத்து அரசவைச் சோதிடருக்கு அந்தப் பெயர். எதிர்க்கடைத் துணி வியாபாரி யதொல்லா தினமும் ஆரம்பித்துவிடுவான்.

"முனஜ்ஜிம்பாஷி, மாமியா வீட்டுக்குக் கூப்பிடறாங்க. நிலா என்னைக் காப்பாத்துமா காப்பாத்தாதா?"

"உன் மாமியாரை எந்த நிலாவாலும் ஒண்ணும் பண்ண முடியாது. போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்பேன். கடைத்தெருவே சிரிக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் மற்றது விளங்காது. நிலா விருச்சிகத்தில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்ய மாட்டார்கள், பயணம் கிளம்ப மாட்டார்கள். இது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் விருச்சிகம் இரண்டு இருக்கிறது. வானத்தைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டிப் பெயர் வைத்தது ராசிக் கணக்கு. கண்ணால் பார்க்கிற தேள் வடிவ நட்சத்திரக் கூட்டம் இன்னொரு கணக்கு. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன, பிறகு விலகிப்போய்விட்டன. ஒரு கணக்கில் நிலா வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும்போது மற்றக் கணக்கில் இன்னும் தெருமுனையில்தான் வந்துகொண்டிருக்கும். நாட்காட்டியில் இரண்டும் அச்சடித்திருக்கும். ஒரு குடும்பம் எந்தக் கணக்கைப் பிடிக்கிறதோ அதையே கடைசிவரை பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராசிக் கணக்கு.

கௌஹருக்கு எழுதப் படிக்க நன்றாக வரும். ஆனால் அந்தப் பக்கத்தை அவள் பார்க்கவே மாட்டாள். "அதெல்லாம் ஹாஜி பாத்துக்குவார்" என்பாள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் வாயாடி, பேச்சில் என்னைவிட நன்றாக யதொல்லாவைத் தோற்கடிப்பாள். முதல் குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அர்தெஸ்தானில் தங்கை பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று கிளம்பினாள். எனக்கு அவள் போவதில் இஷ்டமில்லை. "உங்க நிலாவையும் பஸ்ஸில ஏத்தி அனுப்புங்க, பேசிக்கிட்டே போறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். திரும்பி வந்த அன்று குழந்தை கலைந்துவிட்டது.

அவள் என்னிடம் கேட்டாள்: "நான் கிளம்பின அன்னைக்கு நிலா விருச்சிகத்திலயா இருந்துச்சு?"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ராசிக் கணக்கில் நிலா விருச்சிகத்தை விட்டு வெளியே வந்திருந்தது. நட்சத்திரக் கணக்கில் உள்ளே இருந்தது. நான் ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்காமல் தாய் வீட்டுக்குக்கூடப் போனதில்லை. வீட்டில் சத்தம் குறைந்தது. நல்ல குடும்பம் என்று தெருவில் பேர் வாங்கினோம்.

இந்த வருஷம் முஹர்ரம் கடைசியில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இடது தோள் வலிக்கிறது என்றாள். நான் மாட்டுநாக்கு என்ற மூலிகைப் பூவும் எலுமிச்சையும் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். நாஹீத் இஸ்ஃபஹானில் இருக்கிறாள், அவள் கணவன் பெஹ்ரூஸ் ஒரு பெரிய மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தான். நேரம் நன்றாக இருந்தது, நானே கூட்டிக்கொண்டு போனேன். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், படுக்கை கிடைத்ததும் கூப்பிடுகிறோம், உடனே வந்துவிட வேண்டும் என்றார்கள். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அடுக்களையில் கௌஹர் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாஹீத் குரல் முற்றம்வரை கேட்டது.

"அம்மா, ஆபரேஷன் முடிஞ்சதும் இங்கதான் இருக்கணும். அங்க திரும்பிப் போற பேச்சே வேண்டாம். அந்த வீட்டில உழைச்சது போதும். உனக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன், ஜன்னல்ல ஜெரேனியம் வச்சிருக்கேன்."

"அப்பா தனியா என்ன பண்ணுவார்டி? ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது."

"கத்துக்கட்டும். யூட்யூப்ல இருக்கு."

கௌஹர் சிரித்தாள். பிறகு, "பார்க்கலாம்" என்றாள்.

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. அவள் 'பார்க்கலாம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மகள் படிப்புக்கும் பார்க்கலாம் என்றாள், படித்தாள். பெஹ்ரூஸுக்கும் பார்க்கலாம் என்றாள், கல்யாணம் நடந்தது. நான் செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றேன். பயந்துபோனேன், அதுதான் உண்மை. என் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் ரத்த அழுத்த மாத்திரையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று தெரியாது. அவள் இல்லாத வீட்டுக்குள் சாவியைப் போட்டுத் திறக்கும் ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தேன்.

சஃபர் பிறை பிறந்தது. எங்கள் ஆட்கள் அந்த மாதத்தையே கனமான மாதம் என்பார்கள். நான் வேண்டுமென்று எதையும் உண்டாக்கவில்லை, மாதமே அப்படி வந்தது. மருத்துவமனையிலிருந்து முதல் தடவை படுக்கை தயார் என்று கூப்பிட்டபோது நிலா விருச்சிகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எங்கள் கணக்குப்படியே, ராசிக் கணக்குப்படியே. கௌஹர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஹாஜி, நேரம் எப்படி?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பழைய குழந்தை ஞாபகம் வந்திருக்கும். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஸதீகே விஷயம் தெரிந்து வந்தாள். வாய்க்குப் பூட்டு இல்லாத பெண்மணி, ஆனால் மனசு நல்லது.

"கௌஹரக்கா, இதுக்குப் போய் உக்காந்திருக்கீங்களே. தர்மப் பெட்டியில ஏதாவது போட்டுட்டுக் கிளம்புங்க. தர்மம் கொடுத்தா கெட்ட நேரம் விலகிடும்னு முல்லாவே சொல்றாரே. இல்லையா ஹாஜி?"

அவள் சொன்னது சரி. ஊரில் எல்லாரும் அப்படித்தான் கிளம்புவார்கள், என் கடை வாசலிலேயே ஒரு தர்மப் பெட்டி இருக்கிறது. நான் சொன்னேன்: "அது பயணத்துக்கு. உடம்பை அறுக்கறதுக்கு இல்ல."

அப்படி எந்த விதியும் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் அந்த நிமிஷம் சொன்னது. ஸதீகே, "ஓ, அப்படியா" என்று வாயை மூடிக்கொண்டாள். என்னை யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்.

நிலா ராசிக் கணக்கில் விருச்சிகத்தைத் தாண்டியது. அன்றே மருத்துவமனையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கௌஹர் கைப்பை எடுத்து வைத்துவிட்டாள். அப்போது நான் நட்சத்திரக் கணக்கைச் சொன்னேன். "உயிர் விஷயம், ரெண்டையும் பாத்துடறது நல்லது" என்றேன். அவளுக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. "நீங்க சொன்னா சரி" என்றாள். இரண்டு விருச்சிகத்தையும் முனையோடு முனை சேர்த்துக் கட்டினால் எவ்வளவு நீளம் வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பின்னாலேயே சஃபர் பதிமூன்று வந்தது. அன்று குழந்தைகூட வெளியே விளையாடப் போகாது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு பௌர்ணமி. வளர்பிறையில் ரத்தம் உடம்பில் ஏறி நிற்கும், கத்தி பட்டால் நிற்காமல் ஓடும் என்பது எங்கள் வைத்தியத்தில் உள்ளது. நான் அதைச் சொன்ன அன்று நாஹீத் போன் செய்தாள்.

"அப்பா, நிலா ஆபரேஷன் பண்ணப்போறதில்ல. டாக்டர்தான் பண்ணப்போறார்."

"டாக்டருக்கு மேல ஒருத்தன் இருக்கான்மா."

"அவன் பேரைச் சொல்லாதீங்க. அவன் ஒண்ணும் உங்க கடைச் சுவர்ல தொங்கல. நாஹீத்னு எனக்குச் சுக்கிரன் பேர் வச்சீங்களே, அந்தச் சுக்கிரன் சொல்றேன், அம்மாவை அனுப்புங்க. இல்லன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்."

"வா. வந்து அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

வந்தாள். இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் முற்றத்தில் மாதுளைக்குத் தண்ணீர் விட்டேன். வெளியே வந்தபோது நாஹீதின் கண்கள் சிவந்திருந்தன. கௌஹர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சஃபர் போகட்டும்டி கண்ணு. அப்பா காரணமில்லாம சொல்ல மாட்டார். ஒரு தடவை கேக்காமப் போய்ப் பட்டது போதும்" என்றாள். நாஹீத் என்னிடம் விடைபெறாமல் வண்டியில் ஏறினாள். அவளால் என்ன செய்ய முடியும்? அம்மாவைக் கட்டித் தூக்கியா போக முடியும்? அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தேய்பிறை பிறந்ததும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது. செவ்வாயும் சனியும் எதிரெதிரே வந்து நின்றன. இரண்டு பாவிகள் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும் நாட்களில் இரும்பும் ரத்தமும் சேரக் கூடாது. இதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். அவை விலகுவதற்குள் நிலா சூரியனை நெருங்கிவிட்டது. கதிருக்குக் கீழ் என்போம், மாதக் கடைசியில் நிலா சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்து பலமில்லாமல் கிடக்கும் நாட்கள். இதற்குள் கௌஹர் மாடி ஏறுவதை நிறுத்தியிருந்தாள். கீழேயே படுக்கை போட்டுக்கொண்டாள். அப்படியும் என் சட்டையை உட்கார்ந்தபடியே தேய்த்து வைப்பாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

சஃபர் கடைசி நாள் வந்தது. அந்தியில் மகரிபு தொழுகை நேரத்துக்குப் பெண்கள் மெழுகுவர்த்தியோடு பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்க் கதவைத் தட்டி, சஃபர் போயிற்று, நல்ல மாதம் வந்தது என்று சொல்லிவிட்டு வருவார்கள். வருஷாவருஷம் கௌஹரும் ஸதீகேயும் சேர்ந்துதான் போவார்கள். மறுநாள் காலை இஸ்ஃபஹான் கிளம்புவது என்று முடிவாகியிருந்தது. ஸதீகேயின் மகன் கம்பீஸ் தன் காரில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். கௌஹர் மதியம் தலைக்கு மருதாணி வைத்துக் குளித்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

நான் கடையை அடைத்துவிட்டு நாட்காட்டியோடு உட்கார்ந்தேன். அடுத்த நாளைத் தேடினேன், அதற்கடுத்த நாளைத் தேடினேன். ஒரு குறையும் இல்லை. ராசிக் கணக்கிலும் இல்லை, நட்சத்திரக் கணக்கிலும் இல்லை. வியாழன் நல்ல இடத்தில் இருந்தது, சுக்கிரன் நல்ல இடத்தில் இருந்தது. மருத்துவரைப் பார்க்க உகந்த நாள் என்றே அச்சடித்திருந்தார்கள். இவ்வளவு சுத்தமான வானத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை ஐயா. மறுபடியும் முதலிலிருந்து தேடினேன்.

வெயில் சாயும்போது அவளுக்கு வலி வந்தது. அடுக்களை வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். மூச்சு விட்டு விட்டு வந்தது.

"ஹாஜி, கம்பீஸக் கூப்பிடுங்க."

நான் எழுந்தேன். கம்பீஸின் கார் எங்கள் வாசலுக்கு நேராகத்தான் நின்றது. ஜன்னலில் பார்த்தால் தெரியும், அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஊருக்குள்ளேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி இஸ்ஃபஹானுக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே நாஹீத் இருக்கிறாள், ஒழித்து வைத்த ரூம் இருக்கிறது. கார் கிளம்பிவிட்டால் கௌஹர் திரும்பி வர மாட்டாள். அந்த நினைப்பு ஒன்றுதான் எனக்கு இருந்தது. நான் கதவருகே நின்றேன்.

பின்னாலிருந்து அவள் கேட்டாள். பழக்கம்தானே, வலியிலும் கேட்டாள். "நிலா கதிரை விட்டு வந்துடுச்சா?"

நாட்காட்டிப்படி அன்று மதியமே வந்துவிட்டது. நான் பார்த்திருந்தேன்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"எப்ப வரும்?"

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ கௌஹர். பிறை தெரியட்டும்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். கம்பீஸை மறுபடி கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தேய்த்துவிட்டேன். கை சில்லென்று இருந்தது. மாட்டுநாக்குப் பூ கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன், அடுப்பு பற்றவைக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒரு வாய்தான் இறங்கியது.

பாங்கு சொன்னதும் ஸதீகே கதவைத் தட்டினாள். "கௌஹரக்கா, மெழுகுவர்த்தி எடுத்துக்கிட்டீங்களா? சஃபரை விரட்டிட்டு வரலாம், வாங்க."

கௌஹர் கண்ணைத் திறந்து கதவுப்பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் போய்க் கதவை ஒரு சாண் திறந்து, "தூங்கறா. காலைல பயணம் இல்லையா, எழுப்ப வேண்டாம்" என்றேன்.

"தூங்கட்டும், தூங்கட்டும். அவங்களுக்கும் சேத்து நானே தட்டிட்டு வரேன்" என்று அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடிப் பள்ளிவாசல் கதவைப் பெண்கள் தட்டுவது கேட்டது. நான் திரும்பி வந்தபோது கௌஹர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்க்கவில்லை.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். வாசலில் கார் இருந்தது, நான் கூப்பிடவில்லை. நிலா வெளியே வந்திருந்தது, நான் வரவில்லை என்றேன். அவள் விழித்திருந்தாள், தூங்குகிறாள் என்றேன். மாதம் முழுக்க நான் பார்த்தது அவள் இதயத்தை இல்லை, அந்த ஜெரேனியம் வைத்த ஜன்னலை. தண்டனை எதுவாக இருந்தாலும் மறுக்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் நாஹீத் எழுதியிருக்கிறாளே, நான் கௌஹரைப் பூட்டிவைத்தேன் என்று, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. நான் அவளை ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை. அவள் நேரம் கேட்டாள், நான் நேரம் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் ஒரே ஒரு நாள், அவள் என்னைக் கேட்காமல் கிளம்பியிருக்கலாம்.